பெரியப்பாவுக்கு இன்ஹேலரா, ஹோமியோவா, ரெண்டும் சேர்த்தா?

எங்க பெரியப்பாவுக்கு 64 வயசு, சிஓபிடி. மூச்சுக்குழாய் நிரந்தரமா சுருங்கிப்போய், உள்ள போன காத்து வெளிய வர முடியாம தவிக்கிற நுரையீரல் நோய். முப்பது வருஷத்துக்கு மேல பீடி, நடுவுல பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கிற பட்டறையில வேலை, அந்தப் புகை எப்படி இருக்கும்னு அந்தப் பக்கம் போனவங்களுக்கு தெரியும், கண்ணு மூக்கெல்லாம் எரியும். இப்ப அவருக்கு எந்த வைத்தியம்னு வீட்ல மூணு கட்சி ஆயிடுச்சு. அண்ணன் இன்ஹேலர் தான்ங்கிறான், பெரியம்மாவும் புதுச்சேரியில இருக்கிற அவங்க தம்பியும் ஹோமியோபதி தான்ங்கிறாங்க, அத்தை சித்தா. நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு மெடிக்கல்ல பார்மசிஸ்டா இருக்கிறதால தீர்ப்ப என் தலையில கட்டிட்டாங்க. நான் டாக்டர் இல்ல. ஆனா யார் என்ன வாங்கறாங்க, யார் எதை நிறுத்தினாங்க, நிறுத்தினவங்க எந்த நெலமையில திரும்பி வந்தாங்கன்னு கவுண்டர்ல நின்னு பாக்கறவ. இதே பஞ்சாயத்து நிறைய வீட்ல ஓடிட்டு இருக்கும், அதான் எழுதறேன்.

எதையும் ஒப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க வீட்டு ஆளுக்கு என்ன நோய்னு முதல்ல பேர் தெரியணும். "நெஞ்சு சளி", "இளைப்பு", "வீசிங்" இதெல்லாம் நோயோட பேர் இல்ல. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளி டெஸ்ட் எடுத்து டிபி இல்லன்னு பாக்கணும், அது கவர்மெண்ட்ல ஃப்ரீ. டிபி வந்து குணமானவங்களுக்கே பின்னாடி நுரையீரல் தழும்பாகி மூச்சு வாங்கும், அது வேற கதை. இதயம் பலவீனமாகி படுத்தா மூச்சு முட்டறது வேற, நுரையீரல் நாரு மாதிரி கெட்டிப்படற ஐஎல்டி வேற, அதுல சில வகைக்கு பிர்ஃபெனிடோன், நின்டெடானிப்னு தனி மாத்திரை இருக்கு, இன்ஹேலர் அங்க பெருசா ஒண்ணும் பண்ணாது. சிஓபிடியான்னு சொல்றது ஸ்பைரோமெட்ரி, மெஷின்ல ஊத சொல்லுவாங்களே அந்த டெஸ்ட். மொத்தமா ஊதின காத்துல மொத நொடியில எவ்வளவு வந்துச்சுன்னு பாப்பாங்க, மூச்சுக்குழாய விரிக்கிற மருந்து குடுத்த பிறகும் அது 70 சதவீதத்துக்கு கீழ இருந்தா அடைப்பு இருக்குன்னு அர்த்தம். பெரியப்பாவுக்கு மொத நொடி காத்து அவர் வயசு உயரத்துக்கு இருக்க வேண்டியதுல 44 சதவீதம். 30ல இருந்து 49 வரைக்கும் தீவிரம்னு கணக்கு. எக்ஸ்ரேயை மட்டும் பாத்துட்டு பத்து வருஷம் டெரிஃபிலின்னு மூச்சு வாங்கறதுக்கான மாத்திரை போட்டவங்க என் கவுண்டர்ல நிறைய, ஒரு தடவை கூட மெஷின்ல ஊதினதே இல்ல. எந்த வைத்தியத்துக்குப் போறதா இருந்தாலும், ஹோமியோவுக்கே போறதா இருந்தாலும், இந்த ஒரு பேப்பர் கையில இருக்கட்டும். ஆறு மாசம் கழிச்சு நல்லாயிருக்கா இல்லையான்னு சொல்றதுக்கு வேற சாட்சி கிடையாது.

சரி, இன்ஹேலர்.

இதை மட்டும் நம்ம ஊர்ல யாருக்கும் புடிக்கிறதில்ல. "பம்பு அடிக்க ஆரம்பிச்சா விட முடியாது", "அது கடைசி ஸ்டேஜ்ல குடுக்கறது", "பொண்ணு பாக்க வர்ற நேரத்துல மேசை மேல வைக்காத". கணக்க பாருங்க. மூச்சுக்குழாய விரிக்கிற சால்புட்டமால் மாத்திரை ஒண்ணு 2 இல்லன்னா 4 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலர்ல ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், ரெண்டு பஃப் அடிச்சா 200. அதாவது 4 மில்லி மாத்திரையில 20ல ஒரு பங்கு, அதுவும் நேரா நுரையீரலுக்கே போகுது, வயித்துக்கு போய் ரத்தத்துல கலந்து கை நடுங்க வச்சு நெஞ்சு படபடன்னு அடிக்க வச்சு அப்புறம் போய் சேர்றதில்ல. "பவர்" எதுக்கு ஜாஸ்தின்னு நீங்களே சொல்லுங்க. விட முடியாதுங்கிறது நோயால, மருந்தால இல்ல.

ஆனா இன்ஹேலர் கட்சிக்காரங்களும் ஒண்ண ஒத்துக்கணும், இது நோய குணப்படுத்தாது. டையோட்ரோபியம்னு ஒரு இன்ஹேலர் மருந்து, கிட்டத்தட்ட 6000 பேருக்கு 4 வருஷம் குடுத்து 2008ல முடிவு வெளியிட்டாங்க. மூச்சு சுலபமாச்சு, திடீர்னு மூச்சு மோசமாகற அட்டாக் குறைஞ்சுது, வாழ்க்கை தரம் கூடுச்சு, ஆனா நுரையீரல் தேயற வேகம் குறையல. அண்ணன் "இன்ஹேலர் போட்டா சரியாயிடும்"னு பெரியப்பாகிட்ட சொல்லி சொல்லி, ஆறு மாசத்துல சரியாகலன்னதும் அவருக்கு நம்பிக்கை போச்சு. ஹோமியோ பக்கம் அவர் சாஞ்சதுக்கு பாதி காரணம் இந்தப் பொய்யான வாக்குறுதிதான்னு நான் நினைக்கறேன். போன மூச்சு திரும்பாது, இருக்கிற மூச்சுல நல்லா நடமாடலாம், ஆஸ்பத்திரியில படுக்கிறது குறையும்னு மொதல்லயே சொல்லியிருந்தா அவர் வேற மாதிரி எடுத்திருப்பாரு.

இன்னொண்ணு, பாதி பேர் இன்ஹேலர தப்பா போடறாங்க. ரோட்டாகேப்ஸ், அதாவது சின்ன கருவியில போட்டு உள்ள இருக்கிற பொடிய உறிஞ்சற கேப்சூல், அத வாங்கிட்டு போய் தண்ணி ஊத்தி முழுங்கினவங்கள பாத்திருக்கேன், சிரிக்காதீங்க, கேப்சூல் மாதிரி இருந்தா யாரா இருந்தாலும் முழுங்கத்தான் செய்வாங்க, யாரும் சொல்லித்தரல. பஃப் அடிக்கிறவங்க வாய்க்குள்ள அடிச்சு உடனே மூடிக்கறாங்க, மருந்து நாக்குலயே உக்காந்துடுது. ஸ்பேசர்னு இன்ஹேலர் முனையில மாட்டற ஒரு பிளாஸ்டிக் கூடு வாங்கி அதுல அடிச்சு மெதுவா இழுத்து பத்து எண்ணுற வரைக்கும் மூச்ச புடிச்சு விடறது, ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர்னா அப்புறம் வாய் கொப்பளிச்சு துப்பறது, இவ்வளவுதான் வித்தை. இத செஞ்சாலே நெபுலைசர் அளவுக்கு வேலை செய்யும். பெரியப்பா ஆறு மாசமா "வேலை செய்யல"ன்னு சொன்ன மருந்து ஸ்பேசர் வந்ததும் ரெண்டே வாரத்துல வேலை செஞ்சுது. அப்ப எந்த வைத்தியம் தோத்துச்சுன்னு நாம முடிவு பண்றதுக்கு முன்னாடி அது உள்ள போச்சான்னு பாக்கணும்.

காசு விஷயம். தினமும் போடற ரெண்டு மருந்து சேந்த இன்ஹேலர் பிரைவேட்ல மாசத்துக்கு பல நூறு ரூபா ஆகும், மூணு மருந்து சேந்ததுன்னா இன்னும் மேல. மக்கள் மருந்தகத்துல ஜெனரிக் கேட்டுப் பாக்கலாம். கடலூர்ல தலைமை அரசு ஆஸ்பத்திரி இங்கயே மஞ்சக்குப்பத்துல இருக்கு, சிதம்பரம் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு அண்ணாமலை நகர்ல இருக்கிற கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ், புதுச்சேரின்னா கோரிமேட்டுல ஜிப்மர், அதை ஒட்டியே நெஞ்சு நோய்க்குன்னு தனி அரசு ஆஸ்பத்திரியும் இருக்கு. காலையில சீக்கிரம் பஸ் ஏறினா ஓபி பாத்துட்டு திரும்பிடலாம், ஒரு நாள் போயிடும், அது உண்மை. டாக்டர் பாக்கறது மூணு நிமிஷம், க்யூவுல நிக்கிறது மூணு மணி நேரம். மூச்சு வாங்கற ஆளை அந்த க்யூவுல நிக்க வைக்கிறது எவ்வளவு கொடுமைன்னு நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

இந்த இடத்துலதான் ஹோமியோ ஜெயிக்குது, நியாயமா சொல்லணும்னா. பெரியம்மாவோட தம்பி கூட்டிட்டுப் போன டாக்டர் பெரியப்பாவ ஒரு மணி நேரம் உக்கார வச்சு பேசினாராம். ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது, சூடா குடிக்க புடிக்குமா குளிர்ச்சியா, பயம் வருமா, கோவம் வருமா, கனவுல என்ன வருது. முப்பது வருஷத்துல ஒரு டாக்டர் கூட இதெல்லாம் என்கிட்ட கேட்டதில்லன்னு அவர் வீட்டுக்கு வந்து சொன்னப்ப முகத்துல ஒரு தெளிவு. அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கினாரு. நான் அத கேலி பண்ண மாட்டேன். பதட்டத்தால மூச்சு வேகமாகி, மூச்சு வேகமானதால இன்னும் பதட்டமாகறது இந்த நோயில பெரிய தொல்லை, யாராவது உக்காந்து காது குடுத்தா அது தணியும். ஆனா தணிஞ்சது பேச்சாலயா உருண்டையாலயாங்கிறத தனியா பாக்கணும்.

ஹோமியோபதிய உண்டாக்கினவர் சாமுவேல் ஹானிமன், ஜெர்மனிக்காரர், 1755ல பொறந்து 1843ல பாரீஸ்ல செத்தவர். ஒரு பொருள் ஆரோக்கியமான ஆளுக்கு என்ன தொந்தரவ உண்டாக்குதோ அதே தொந்தரவு இருக்கிற நோயாளிக்கு அத கொஞ்சூண்டு குடுத்தா குணமாகும்ங்கிறது கொள்கை. அவர் காலத்துல மத்த டாக்டருங்க ரத்தத்த வெட்டி விட்டுட்டும் பாதரசத்த குடுத்துட்டும் இருந்தாங்க, அதோட ஒப்பிட்டா இவர்கிட்ட போனவங்க பொழச்சிருப்பாங்கங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல. அப்புறம் வீரியம். 30சின்னு பாட்டில்ல போட்டிருக்கே, நூறுல ஒரு பங்கா கரைச்சு, அதுல இருந்து எடுத்து மறுபடி நூறுல ஒண்ணா கரைச்சு, இப்படி 30 தடவை. 1க்குப் பின்னாடி 60 சைபர். 12வது தடவையிலயே மூலப்பொருளோட ஒரு மூலக்கூறு மிச்சம் இருக்கிற வாய்ப்பு ஏறக்குறைய போயிடுது, மிச்ச 18 தடவையும் கரைக்கிறது வெறும் ஆல்கஹாலையோ தண்ணியையோதான். கொரோனா நேரத்துல ஆர்சனிகம் ஆல்பம் 30ன்னு பேசினாங்களே, பேர்ல ஆர்சனிக் இருக்குன்னு பயந்தவங்க பயப்படவே வேணாம், அதுல அது இல்ல. சைடு எஃபெக்ட் இல்லங்கிறது அதனாலதான். எஃபெக்டும் அதே காரணத்தால தான் எனக்கு இடிக்குது.

மூச்சுக்கோளாறுக்கு அவங்க அடிக்கடி எழுதறது ஆன்டிமோனியம் டார்ட், ஆர்சனிகம் ஆல்பம், இபிகாக், நேட்ரம் சல்ஃப், அப்புறம் பிளாட்டா ஓரியன்டாலிஸ், இது கரப்பான்பூச்சியில இருந்து எடுக்கறது, பெரியப்பாகிட்ட யாரும் சொல்லல, நீங்களும் சொல்லிடாதீங்க. பிளாட்டாவ மதர் டிங்சராவே சொட்டு கணக்குல குடுப்பாங்க. மதர் டிங்சர்ங்கிறது கரைக்காத மூலச்சாறு, அதுல பொருளும் இருக்கும் ஆல்கஹாலும் இருக்கும், அதனால "எல்லா ஹோமியோ மருந்தும் வெறும் சக்கரை"ன்னு சொல்றதும் தப்பு. கல்லீரல் பிரச்சனை இருக்கிறவங்க, குடிய விட்டவங்க டிங்சர் விஷயத்துல கேட்டுக்கணும்.

ஆதாரம்னு பாத்தா, ஆஸ்திரேலியாவோட தேசிய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2015ல 61 நோய்களுக்கு 176 ஆராய்ச்சிகள எடுத்து அலசி, எந்த ஒரு நோய்க்கும் ஹோமியோபதி வேலை செய்யுதுன்னு நம்பகமான ஆதாரம் இல்லன்னு சொல்லிட்டாங்க. நாள்பட்ட ஆஸ்துமாவுக்குன்னு தனியா 2004ல காக்ரேன்னு, நடந்த ஆராய்ச்சிகள சேத்து அலசற ஒரு அமைப்பு ஆய்வு பண்ணுச்சு, 6 ஆராய்ச்சி 556 பேர், அதுலயும் உறுதியா சொல்ல ஒண்ணும் கிடைக்கல. பிரான்ஸ்ல 2021ல இருந்து ஹோமியோ மருந்துக்கு அரசு காசு திருப்பிக் குடுக்கிறத நிறுத்தியாச்சு. பெரியம்மாவோட தம்பி சும்மா விடுவாரா, அவர் ஒரு ஆராய்ச்சிய காட்டினாரு, 2005ல செஸ்ட்டுங்கிற பெரிய மருத்துவ இதழ்ல வந்தது, பொட்டாசியம் டைக்ரோமேட் 30சி குடுத்ததுல சிஓபிடிகாரங்களுக்கு சளி குறைஞ்சுதுன்னு. அது நிஜம்தான், அப்படி ஒண்ணு வந்தது. ஆனா அது 50 பேர், ஐசியூவுல மூச்சுக்குழாய்ல டியூப் போட்டு படுத்திருந்தவங்க, பாத்தது டியூப்ல வர்ற சளியை. வீட்ல படி ஏற முடியாதவருக்கு வருஷக்கணக்குல குடுத்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு அது பதில் இல்ல. "ஆராய்ச்சி இருக்கு"ன்னு யாராவது காட்டினா யாருக்கு குடுத்தாங்க எத்தனை பேருக்கு குடுத்தாங்கன்னு ரெண்டு கேள்வி கேளுங்க, பாதி அங்கயே முடிஞ்சிடும்.

அப்புறம் ஏன் ஊர்ல இத்தனை பேர் ஹோமியோவுல குணமானதா சொல்றாங்கன்னு கேப்பீங்க. பொய் சொல்லல அவங்க. நான் விசாரிச்ச வரைக்கும் அதுல முக்கால்வாசி குழந்தைங்க கதை. சின்ன வயசுல வீசிங் வர்ற குழந்தைங்கள்ல நிறைய பேருக்கு ஸ்கூல் போற வயசுலயே நின்னுடும், இன்னும் கொஞ்ச பேருக்கு வயசுக்கு வர்ற நேரத்துல அடங்கிடும். அந்த நேரத்துல எந்த வைத்தியம் கையில இருந்துச்சோ அதுக்குப் பேர் போகும், அது ஹோமியோவா இருக்கலாம், ஹைதராபாத்ல ஜூன் மாசம் குடுக்கிற மீன் மருந்தா இருக்கலாம், ஆடாதோடையா இருக்கலாம். ஆஸ்துமாவுல குழாய் சுருங்கி விரியும், சிஓபிடில சுருங்கினது சுருங்கினதுதான். பக்கத்து வீட்டு பையனுக்கு போனதால 64 வயசு பீடிக்காரருக்கும் போகும்னு கணக்கு போடறது எப்படி.

இன்னொரு காரணம் மாசம். மார்கழிப் பனி, போகிப் புகை, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு சோகை கொளுத்தறது, எல்லாம் சேந்து தை பொறக்கிற நேரத்துல மூச்சு ரொம்ப மோசமாகும். மனுஷன் வைத்தியர மாத்தறது எப்பவும் மோசமா இருக்கிறப்பதான். தை முதல் வாரம் ஹோமியோ ஆரம்பிச்சா மாசியில நல்லாத்தான் இருக்கும், சும்மா இருந்தாலும் நல்லாத்தான் இருந்திருக்கும்.

எனக்கு நிஜமா பயம் தர்ற விஷயம் உருண்டை இல்ல, கூட வர்ற ரெண்டு வாக்கியம். ஒண்ணு, "இங்கிலீஷ் மருந்த நிறுத்தினாதான் இது வேலை செய்யும்." ரெண்டாவது, "முதல்ல கொஞ்சம் ஜாஸ்தியாகும், அப்புறம் குறையும், பயப்படாதீங்க." தோல் அரிப்புல ஜாஸ்தியானா சொறிஞ்சுக்கிட்டு காத்திருக்கலாம். சிஓபிடில ஜாஸ்தியாகறதுக்குப் பேர் அட்டாக், ஒவ்வொரு பெரிய அட்டாக்கும் நுரையீரல்ல கொஞ்சத்த எடுத்துட்டுப் போகும், சிலது ஆளையே எடுத்துட்டுப் போகும். சளி மஞ்சளா பச்சையா மாறி, மூச்சு வாங்கறது வழக்கத்த விட கூடி, அத "மருந்து வேலை செய்யுது"ன்னு நினைச்சு நாலு நாள் வீட்ல வச்சிருந்து அஞ்சாம் நாள் ஆட்டோவுல தூக்கிட்டு வந்தவங்கள எங்க கடை வாசல்லயே பாத்திருக்கேன். எல்லா ஹோமியோ டாக்டரும் இப்படி சொல்றதில்ல. அஞ்சரை வருஷம் பிஎச்எம்எஸ் படிச்சு வந்தவங்க நிறைய பேர் "இன்ஹேலர தொடாதீங்க, நான் கூட சேத்து குடுக்கறேன்"னுதான் சொல்றாங்க, பெரியப்பா பாக்கிற டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருக்காரு, நிறுத்த சொன்னது பெரியம்மாவோட தம்பி! டாக்டர விட டாக்டர் வீட்டுக்கு வழி காட்டினவங்க தான் ஜாஸ்தி வைத்தியம் பண்றாங்க.

அதனால என் தீர்ப்பு எந்தப் பக்கம்னா, ஹோமியோவ கூட சேத்துக்கிறதுல எனக்கு சண்டை இல்ல, காசு வீண்னு நினைக்கறேன், ஆனா சண்டை இல்ல. இன்ஹேலர நிறுத்தறதுலதான் சண்டை. ஹோமியோ மட்டும்ங்கிற ஆப்ஷன தனியா எடுத்து வச்சுப் பாத்தா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு வார்த்தைய முழுசா சொல்ல முடியாம மூச்சு இறுகறப்ப அதுகிட்ட குடுக்க எதுவும் இல்ல. அந்த நேரத்துக்கு பதில் இல்லாத வைத்தியத்த இந்த நோய்க்கு முழு வைத்தியமா எடுத்துக்க முடியாது, அவ்வளவுதான்.

சித்தாவ பத்தி அத்தை கேட்டதுக்காக கொஞ்சம். ஆடாதோடையில வேசிசின்னு ஒரு பொருள் இருக்கு, அத வச்சுத்தான் சளிய இளக்கிற புரோம்ஹெக்சின் மருந்தே வந்துச்சு, இன்னிக்கும் நிறைய இருமல் சிரப்ல அந்த புரோம்ஹெக்சின் இருக்கு. அதனால சளி இளக கஷாயம் குடிக்கிறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலயே சித்தா பிரிவு இருக்கு, அங்க போகட்டும். பேர் இல்லாத, லேபிள் இல்லாத, பொட்டலத்துல மடிச்சுத் தர்ற பொடிதான் ஆபத்து. மூணே நாள்ல இளைப்பு பறந்து, பசி எடுத்து, முகம் உப்பி, சுகர் ஏறுதுன்னா அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்னு சந்தேகப்படுங்க, அத ரொம்ப நாள் சாப்பிட்டுட்டு திடீர்னு நிறுத்தவும் கூடாது, டாக்டர்கிட்ட சொல்லி படிப்படியாதான் நிறுத்தணும்.

இந்த மூணு கட்சியும் சேந்து மறந்த ஆப்ஷன் ஒண்ணு இருக்கு, எனக்கு அதுலதான் ஜாஸ்தி நம்பிக்கை. பீடி. பெரியப்பா "விட்டுட்டேன்"னு சொல்றாரு, சாயங்காலம் தேவனாம்பட்டினம் பீச்சுக்கு போறப்ப ரெண்டு அடிக்கிறாருன்னு ஊருக்கே தெரியும். அமெரிக்கா, கனடாவுல ஆயிரக்கணக்கான பேர 11 வருஷம் வரைக்கும் தொடர்ந்து பாத்த ஒரு ஆராய்ச்சியில, புகைய விட்ட ஆம்பளைங்களுக்கு அந்த மொத நொடி காத்து வருஷத்துக்கு சுமார் 30 மில்லி குறைஞ்சுது, விடாதவங்களுக்கு 66 மில்லி. 6000 பேருக்கு 4 வருஷம் குடுத்த மருந்தால முடியாதத புகைய விட்டது செஞ்சிருக்கு. 1800 112 356ன்னு புகையிலைய விடறதுக்கு தேசிய உதவி எண் இருக்கு, பெரியப்பாவ நாலு பேர் திட்டறத விட அதுல ஒருத்தர் பேசினா நல்லது. வீட்ல பெரியம்மா வென்னீருக்கு இன்னும் விறகு அடுப்பு வைக்கிறாங்க, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ராத்திரி கொசுவத்தி. பீடியே புடிக்காத பொம்பளைங்களுக்கு இந்த நோய் வர்றதுக்கு விறகுப் புகை பெரிய காரணம், பெரியம்மாவோட இருமலையும் ஒரு தடவை மெஷின்ல ஊத வச்சுப் பாக்கணும்னு சொல்லியிருக்கேன், கேக்க மாட்டாங்க.

அடுத்தது நடை. மூச்சு வாங்குதுன்னு உக்காந்தே இருந்தா தொடை வலு போயிடும், வலு போன கால் ஜாஸ்தி காத்து கேக்கும், இன்னும் மூச்சு வாங்கும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சின்னு எட்டு வாரம் பத்து வாரம் சொல்லித்தர்றாங்க, நடை, கை கால் வலுவுக்கு பயிற்சி, உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதி மூச்சு விடறது. 2015ல காக்ரேன் 65 ஆராய்ச்சிய சேத்துப் பாத்து, இது பலன் தருதாங்கிறதுக்கு இனிமே ஆராய்ச்சியே தேவையில்லன்னு எழுதற அளவுக்கு தெளிவா இருந்துச்சு. ஹோமியோவுக்கு அப்படி ஒரு வரி கிடைச்சா பெரியம்மாவோட தம்பி ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பாரு. எல்லா ஆஸ்பத்திரியிலயும் இந்த பயிற்சி கிடைக்காது, நெஞ்சு டாக்டர்கிட்டயோ பிசியோகிட்டயோ கேட்டு வீட்ல செய்யற மாதிரி எழுதி வாங்கிக்கலாம்.

கடலூர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். 2011 டிசம்பர் 30 தானே புயல் ஞாபகம் இருக்கும், பல கிராமத்துல வாரக்கணக்குல கரண்ட் இல்ல. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல்ல புதுச்சேரியும் நாமளும் தண்ணியில நின்னோம். நெபுலைசரும் ஆக்சிஜன் மெஷினும் கரண்ட நம்பி இருக்கு, இன்ஹேலரும் ஸ்பேசரும் மெழுகுவத்தி வெளிச்சத்துல வேலை செய்யும். ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு இன்ஹேலர் எக்ஸ்ட்ரா வாங்கி வச்சுக்கோங்க, புயல் அன்னிக்கு எங்க கடை திறக்காது.

கடைசியா வீட்ல பேசி முடிவானது இது. இன்ஹேலர் தினமும், ஸ்பேசரோட, யாரு சொன்னாலும் நிறுத்தறதில்ல, நிறுத்தணும்னா நெஞ்சு டாக்டர் சொல்லணும். ஹோமியோ டாக்டர்கிட்ட பெரியப்பா மாசம் ஒரு தடவை போகட்டும், அவருக்கு அந்தப் பேச்சு தேவைப்படுது, ஆனா மருந்தோட பேர எழுதி வாங்கிட்டு வரணும், பேர் எழுதித் தர மாட்டேன்னா அங்க போக வேணாம். காபி குடிக்காதேன்னு அவங்க சொன்னத பெரியப்பா கேட்டுக்கிட்டாரு, பீடி குடிக்காதேன்னு நாங்க சொன்னத இன்னும் கேக்கல. ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஊதுற டெஸ்ட், ஆறு நிமிஷத்துல எவ்வளவு தூரம் நடக்கறாருங்கிற டெஸ்ட், நடுவுல எத்தனை தடவை அட்டாக் வந்துச்சுன்னு காலண்டர்ல குறிச்சு வைக்கிறது. "பரவாயில்ல போல இருக்கு"ங்கிறது கணக்குல வராது. பேச்சு முழுசா வராம திணறினா, உதடு நீலமா போனா, ஆள் மந்தமா உளறினா, அன்னிக்கு எந்தக் கட்சியும் கிடையாது, 108.

இன்னும் முடிவாகாத ஒண்ணு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், காத்துல இருந்து ஆக்சிஜன பிரிச்சுக் குடுக்கிற மெஷின். அண்ணன் தவணையில வாங்கறேன்னு நிக்கிறான். ஓய்வா இருக்கறப்ப ரத்தத்துல ஆக்சிஜன் 88 சதவீதமும் அதுக்கு கீழயும் இருக்கிறவங்களுக்கு தினம் 15 மணி நேரத்துக்கு மேல வச்சா ஆயுள் கூடும்னு 1980, 81லயே தெரிஞ்சுபோச்சு. ஆனா 89ல இருந்து 93 வரைக்கும் இருக்கிறவங்கள 2016ல ஒரு பெரிய ஆராய்ச்சியில பாத்தப்ப வீட்ல ஆக்சிஜன் வச்சதால ஆயுளும் கூடல, ஆஸ்பத்திரிக்கு போறதும் குறையல. பெரியப்பாவுக்கு உக்காந்திருக்கறப்ப 93. அதுவும் இந்த நோயில தேவைக்கு மேல ஆக்சிஜன் ஏத்தினா கரியமில வாயு தேங்கி ஆள் மயங்கிடலாம், டாக்டருங்களே 88ல இருந்து 92க்குள்ளதான் நிறுத்தப் பாப்பாங்க, அத வீட்ல வச்சு இஷ்டத்துக்கு திருகற சாமான் இல்ல. பீடி அடிக்கிற ஆளு பக்கத்துல ஆக்சிஜன் வைக்கிறது தீ விபத்துக்கு வேற வழி. இப்போதைக்கு மெஷின் வேணாம்டா, அந்தக் காசுல அவருக்கு ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் மழை புடிக்கறதுக்குள்ள போட்டு விடுன்னு அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன், அடுத்த ஓபிக்கு போறப்ப டாக்டர்கிட்டயும் கேட்டுட்டு வரட்டும்.